வம்சாவளியின் முதல் வரி

திருமணப் பேச்சு எழும் இடங்களில் "எந்தக் குடும்பம்?" என்னும் வினா இன்றும் ஓய்ந்தபாடில்லை. பல மாவட்டத்தாரும் கலந்து வாழும் ஓசூர்த் தொழிற்பேட்டையிலும் அது ஒலிக்கிறது. "மிட்டாதார் வழி" என்று விடை வருமாயின், கேட்டவர் சற்று நிமிர்ந்து அமர்கிறார். அந்த மதிப்புக்கு நியாயம் உண்டா என எண்ணிப் பார்ப்போம்.

கிருஷ்ணகிரியை உள்ளிட்ட பாராமகாலைக் கும்பினியார் 1792இல் திப்பு சுல்தானிடமிருந்து பெற்றனர். அலெக்சாண்டர் ரீடும் தாமஸ் மன்றோவும் நிலத்தை அளந்து, உழவரிடமே நேராக வரி வாங்கும் முறையை வகுத்தனர். சில ஆண்டுகளில் மேலிடத்தின் எண்ணம் மாறியது. 1802ஐ ஒட்டிய ஆண்டுகளில் கிராமங்களைத் தொகுதி தொகுதியாகப் பிரித்து, மிட்டா எனப் பெயரிட்டு ஏலம் விட்டனர். கூடுதலாகக் கேட்டவர் மிட்டாதார் ஆனார். அவரால் பேஷ்குஷ் கட்ட இயலாமற்போனால் மிட்டா கைமாறியது. (பாகலூர், சூளகிரிப் பாளையக்காரர் கதை வேறு, அவர்கள் கும்பினிக்கு முந்தியவர்கள்.) ஆக, மிட்டாதார் வம்சாவளி பலவற்றின் முதல் வரியில் நிற்பவர் போர்வீரருமல்லர், புலவருமல்லர், ஏலம் கேட்டவர்.

இங்கிலாந்தின் நிலவுடைமைக் குடும்பங்கள் பலவற்றின் தொடக்கமும் இத்தகையதே. எட்டாம் ஹென்றி மன்னன் 1536 முதல் 1540 வரை துறவு மடங்களைக் கலைத்தான். மடத்து நிலங்களில் பெரும்பகுதி விலைக்குப் போயிற்று. வாங்கியோரின் வழித்தோன்றல்கள் குலச்சின்னம் தரித்தனர். 19ஆம் நூற்றாண்டில் பர்க் தொகுத்த குடிவழி நூலில் ஏறினர். மடத்து வாயிலில் உணவு பெற்றுவந்த ஏழைகளை எந்தக் குடிவழி நூலும் குறிக்கவில்லை. சில தலைமுறை கடந்தால் கிரயச் சீட்டு மறைந்துவிடுகிறது. பெருமை மட்டும் எஞ்சுகிறது.

பாட்டனின் பெருமை பேரனைச் சேருமாயின், குத்தகைக்காரரைப் பாட்டன் வெளியேற்றிய பழியும் சேரவேண்டுமல்லவா? "அது அவர் காலத்துச் செயல்" என்று பழியைத் தள்ளுவோர் பெருமையை மட்டும் வைத்துக்கொள்வது எந்த ஊர்க் கணக்கு? குற்றம் இரத்தத்தில் இறங்கி வருவதில்லை. இதில் நமக்கு ஐயமில்லை. ஆனால் குற்றத்தின் பயன் இறங்கி வருகிறது. மிட்டாக்களை ஒழித்த 1948ஆம் ஆண்டுச் சட்டம் மிட்டாதாருக்கு இழப்பீடு வழங்கியது. பின்னர்த் தொழிற்பேட்டைக்கு நிலம் எடுக்கப்பட்டபோதும், அன்றிருந்த 1894ஆம் ஆண்டுச் சட்டம் நிலத்தில் உரிமை உடையவரைக் கண்டதேயன்றி, அதில் கூலிக்குக் களையெடுத்தவளைக் காணவில்லை. அந்நிலத்தின் வருவாயில் நாம் கல்வி பெற்றிருக்க, அவள் பேரன் இன்று ஆலை வாயிலில் ஒப்பந்தக் கூலியாக நிற்பானாயின், நமக்கும் அவனுக்கும் இடையே தீராத கணக்கு ஒன்று இருக்கிறது.

மத்தேயு தரும் தலைமுறை அட்டவணையில் சாலமோனின் தாய், உரியாவின் மனைவி என்றே குறிக்கப்படுகிறார். தாவீது கொல்வித்தவனின் பெயர் அரச குலத்தின் அட்டவணையிலேயே நிற்கிறது. மத்தேயு அதை மறைக்கவில்லை. நம் பக்கத்தில் குடிவழி எழுத முனைவோரும் ஏலத் தொகையை எழுதட்டும். அந்நிலத்தை உழுதவர் பெயர்களையும் எழுதட்டும். கிராமத்து முதியோர் சிலருக்கு அப்பெயர்கள் இன்னும் நினைவிலுண்டு.