பற்று

ஆடிக் காற்று இரண்டு நாட்களாக ஓயாமல் வீசிக்கொண்டிருந்த ஒரு பின்னிரவில், எங்கள் வீட்டுத் தென்னையிலிருந்து முற்றிய நெற்று ஒன்று, கீழே நிறுத்தியிருந்த மின்சாரக் காரின் கண்ணாடிக் கூரைமேல் விழுந்தது. சத்தம் கேட்டு வாசல் விளக்கைப் போட்டுக்கொண்டு போய்ப் பார்த்தேன். காய் உருண்டு துளசி மாடத்தருகே கிடந்தது. அதற்கு ஒரு கீறலும் இல்லை. கூரையில் மட்டும், விழுந்த இடத்திலிருந்து நாற்புறமும் வெள்ளை வேர்கள் ஓடினாற்போல விரிசல்கள் பரவியிருந்தன. தென்னையடியில் கட்டிலைப் போட்டுப் படுக்கத் துணியாதவன் காரை மட்டும் ஏன் அங்கே நிறுத்தினான் என்று கேட்பவர்களுக்கு என்னிடம் விடை கிடையாது.

பின்னாலேயே வந்து பார்த்த என் மனைவி, செலவு எவ்வளவு ஆகும் என்று கேட்பாள் என எதிர்பார்த்தேன். அவள் கேட்டது வேறு: "கண்ணாடி மாத்தினப்புறம் வண்டிக்கு மறுபடியும் பூஜை போடணுமா, இல்லே முன்னே போட்டதே போதுமா?"

தேங்காயால் உடைந்த ஒன்றுக்குத் தேங்காய் உடைத்துப் பூஜை போடுவதில் உள்ள வேடிக்கையை நான் சுட்டிக்காட்ட வாயெடுத்து, அவள் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டேன். அவள் விளையாட்டாகக் கேட்கவில்லை. சென்ற வருஷம் இரண்டு டயர்களை மாற்றியபோது இந்தச் சந்தேகம் எங்கள் இருவருக்கும் எழவில்லை. ஆனால் தலைக்கு மேலிருக்கும் முழுக் கூரையையும் கழற்றிவிட்டு வேறொன்றைப் பொருத்திய பிறகு வாசலில் வந்து நிற்கப் போவது நாம் பூஜை போட்ட அதே வண்டியா, அன்றி வேறொரு வண்டியா என்பது, நம் தேசத்துத் தர்க்க சாஸ்திரிகள் பல நூற்றாண்டுகளாகக் குடுமிபிடிச் சண்டை போட்ட விஷயமாகும் என்பதை, அவள் அறியாமலே என் முன் எடுத்து வைத்துவிட்டாள்.

முதலில் அந்தக் கண்ணாடியைப் பற்றிச் சிறிது சொல்லவேண்டும். மின்சாரக் கார்களில் கனத்த பேட்டரியைத் தரைக்கு அடியில் பரப்பி வைப்பதால் ஆசனங்கள் உயர்ந்துவிடுகின்றன. உட்காருகிறவனுடைய தலைக்கு இடம் விடுவதற்காக, தகடும் குறுக்குச் சட்டமும் உள்துணியுமாக இருந்த பழைய கூரையை எடுத்துவிட்டு மெல்லிய கண்ணாடியைப் பல கம்பெனிகள் வைத்துவிட்டன. ஆகாயத்தைப் பார்த்துக்கொண்டு போகலாம் என்று விளம்பரங்கள் சொல்வது பிற்பாடு வந்த அலங்காரம். சென்னை வெயிலில் ஆகாயத்தைப் பார்க்க விரும்புகிறவர் யார்? எங்கள் கூரை இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே பிசின் போன்ற ஒரு படலத்தை வைத்து ஒட்டியது. எடுவார் பெனடிக்டஸ் என்ற பிரெஞ்சுக்காரர் 1903-இல் தம் பரிசோதனைச் சாலையில் தவறவிட்ட ஒரு குப்பி, உள்ளே உலர்ந்துபோயிருந்த ரசாயனப் படலத்தின் காரணமாகச் சிதறாமல் நொறுங்கி நின்றதைக் கண்டு யோசித்து, 1909-இல் காப்புரிமை பெற்ற யுக்தியின் வம்சத்தில் வந்தது அது. ஆகவேதான் எங்கள் ஆசனங்களில் ஒரு துண்டும் உதிரவில்லை. உடைந்தும் விழாமல், விழாவிட்டாலும் முழுமையாக இல்லாமல், கூரை அந்தரத்தில் நின்றது.

இன்ஷூரன்ஸ்காரர் வந்து பார்த்து, இன்னொரு தத்துவத்தை உபதேசித்துவிட்டுப் போனார். நம் நாட்டு மோட்டார் இன்ஷூரன்ஸ் விதிகளின்படி ரப்பருக்கும் பிளாஸ்டிக்குக்கும் தேய்மானமாகப் பாதி விலையைக் கழித்துவிடுவார்கள். இரும்புக்கு வண்டியின் வயதைப் பார்த்துக் கழிப்பார்கள். கண்ணாடிக்கு மட்டும் தேய்மானமே கிடையாது. உடையும்வரை கண்ணாடிக்கு மூப்பில்லை என்பது அவர்கள் கொள்கை. மூப்பில்லாமல் மரணம் மட்டும் உள்ள பிறவி ஒன்றைக் கந்தர்வ லோகத்தில்தான் கற்பனை செய்திருந்தேன்; எங்கள் வாசலிலேயே இருந்திருக்கிறது.

புதுக் கண்ணாடி வந்து சேர இருபத்து மூன்று நாட்கள் ஆயின. வண்டியின்மேல் தார்ப்பாய் போட்டுக் கட்டிவிட்டு நான் புஸ்தக அலமாரியிடம் போனேன்.

மிலிந்தன் என்று பௌத்தர்கள் வழங்கும் மினாந்தர் என்ற யவன அரசன் நாகசேனர் என்ற பிக்ஷுவைக் காண ரதத்தில் வந்த கதை பலருக்குத் தெரிந்தது. நாகசேனன் என்பது வெறும் பெயரே, அப்பெயருக்குள் ஒரு புருஷன் இல்லை என்று பிக்ஷு சொல்ல, அரசன் ஆட்சேபிக்க, அவர் அவன் ஏறிவந்த ரதத்தையே சாட்சியாக அழைக்கிறார். ஏர்க்கால் ரதமா, அச்சு ரதமா, சக்கரம் ரதமா என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, ஒவ்வொன்றுக்கும் இல்லை என்று அரசனையே சொல்லவைத்து, அப்படியானால் ரதம் எங்கே, பொய் சொல்லுகிறாயே என்கிறார். இந்தக் கட்சியின்படி என் மனைவியின் கேள்விக்கு விடை எளிது: பூஜை போட்டதே ஒரு பெயருக்கு, பெயர் உடையவில்லை, ஆகவே மறுபூஜை வேண்டாம். ஆனால் சுங்கச் சாவடியில் பணம் வாங்குகிறவனிடம் இது வெறும் பெயர் என்று சொல்லிப் பார்த்தால் தெரியும்.

வைசேஷிகர்கள் இதற்கு நேர் எதிர்க் கட்சி. மணிமேகலை வஞ்சி மாநகரில் பல சமயக் கணக்கர்களுடைய வாதங்களைக் கேட்ட காதையில் வைசேஷிகனும் ஒருவன். அவயவங்கள் சேர்ந்தபோது அவற்றினின்றும் வேறான அவயவி என்ற ஒரு புதுப் பொருள் பிறக்கிறது. அது அவயவங்களில் சமவாயம் என்ற பிரிக்கமுடியாத சம்பந்தத்தால் வாழ்கிறது என்பது அவர்கள் சித்தாந்தம். இதிலுள்ள கண்டிப்பை எண்ணிப் பார்த்தால் திகைப்பு உண்டாகிறது: ஒரு துணியிலிருந்து ஓர் இழையை உருவினால் அந்தத் துணி அந்தக் கணமே அழிந்தது, எஞ்சிய இழைகளால் இன்னொரு துணி பிறந்தது, அதே துணி என்று நாம் சொல்வது ஒற்றுமையால் வந்த பேச்சு வழக்கே. அப்படியானால் கூரையைக் கழற்றும்போது என் கார் அழியும். கூரையில்லாத ஒரு கார் பிறந்து அரை நாள் ஜீவிக்கும். மாலையில் மூன்றாவது கார் பிறக்கும். எலுமிச்சம்பழமும் கர்ப்பூரமும் தயாராக வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

நியாய சூத்திரக்காரர் அவயவி உண்டென்பதற்குச் சொல்லும் காரணங்களில் ஒன்று என்னை வெகு நேரம் நிறுத்திவைத்தது. ஒரு பாகத்தைப் பிடித்து இழுத்தால் முழுப் பொருளும் கூட வருகிறதே, முழுமை என்ற ஒன்று இல்லாவிட்டால் கையில் பிடித்தது மட்டுமல்லவா வரவேண்டும் என்பது அவர் வாதம். அழகான வாதந்தான். ஆனால் உரைகாரர் வாத்ஸ்யாயனர், வைக்கோலையும் கல்லையும் கட்டையையும் அரக்கால் ஒட்டி வைத்தால் அவையுங்கூடத்தான் ஒன்றாக இழுபட்டு வருகின்றன, அதனால் அங்கே ஒரு புதிய வஸ்து பிறந்துவிட்டதாகச் சொல்லமுடியுமா என்ற சங்கடத்தையும் கூடவே எழுப்பி வைக்கிறார். பச்சைக் குடத்தில் நீரின் பசை செய்யும் வேலையைப் பற்றியும் பேசுகிறார். ஆக, நம்முடைய ஆசாரியர்கள் ஆத்மாவையும் அணுவையும் மட்டுமன்றி, ஒட்டு என்ற எளிய விஷயத்தையும் விடவில்லை. என் கூரையும் அரக்கால் ஒட்டிய வைக்கோலின் ஜாதியல்லவா? திருகாணி ஒன்றுகூட இல்லாமல், சுற்றிலும் ஓடும் ஒரு கறுப்புப் பசையின் பலத்தில்தானே அது வண்டியோடு நிற்கிறது?

இந்த இடத்தில் நூல்கள் என்னைக் கைவிட்டன. அதற்குமேல் விஷயத்தைச் சொன்னவர் மெக்கானிக்.

இருவர் வந்தார்கள், பெரியவர் ஐம்பதை நெருங்குபவர், மற்றவன் பையன். உள்ளே ஓரப் பட்டிகளையெல்லாம் கழற்றிவிட்டு, பசையின் ஊடே மெல்லிய கம்பியைத் துளைத்து நுழைத்து, ஒருவர் உள்ளேயும் ஒருவர் வெளியேயுமாக அதை அறுத்துக்கொண்டே சுற்றி வந்தார்கள். உறிஞ்சு கைப்பிடிகளைப் பதித்துப் பழைய கண்ணாடியைத் தூக்கி மதிலோரம் சாய்த்தார்கள். பிறகு பெரியவர் ஒரு கூரிய உளியால், சட்டத்தில் மேடும் பள்ளமுமாக மிஞ்சி நின்ற பழைய பசையைச் சீவத் தொடங்கினார். சீவிச் சமன் செய்தாரேயன்றி முழுதும் எடுக்கவில்லை. நகக்கனத்துக்கு ஒரு கறுப்புக் கோடு சுற்றிலும் தங்கிவிட்டது. வேலையில் சோம்பலோ என்று எண்ணி, "இன்னும் கொஞ்சம் ஒட்டிக்கிட்டிருக்கே?" என்றேன்.

"சுத்தமாச் சுரண்டிடக் கூடாது சார்," என்றார் அவர், தலையை நிமிர்த்தாமல். "பழைய பத்து ஒரு ரெண்டு மில்லி இருக்கணும். புதுசு அது மேலதான் நல்லாப் பிடிக்கும். வெறும் தகரத்து மேல போட்டா அந்தப் பிடிப்பு வராது. விரல் மட்டும் வெச்சுடாதீங்க, எண்ணெய் பட்டா போச்சு."

பத்து என்று அவர் சொன்னது பற்று. நெற்றியில் போடும் பற்றும், பாத்திரத்து ஓட்டைக்கு வைக்கும் பற்றும், சம்சாரத்தில் நாம் வைக்கும் பற்றும் தமிழுக்கு ஒரே சொல். மணிமேகலையில் அறவண அடிகள் சொல்லும் பன்னிரு நிதானங்களில் வேட்கைக்கு அடுத்தபடியாக நிற்பதும் இதே பற்றுத்தான். பற்றினின்று பவம், பவத்தினின்று அடுத்த தோற்றம் என்று அந்தச் சங்கிலி போகிறது. ஆத்மா இல்லை என்று சொன்ன பௌத்தனை, அப்படியானால் இந்தப் பிறவிக்கும் அடுத்த பிறவிக்கும் என்னப்பா சம்பந்தம் என்று மடக்கினால் அவன் கைகாட்டுவது இந்தக் கண்ணியைத்தான். கண்ணாடி போனது, புதுக் கண்ணாடி வந்தது, இரண்டையும் தாங்குகிற ஒரு நித்திய வஸ்து இல்லாமலே, முன்னது பற்றியிருந்த பற்றில் மிஞ்சிய இரண்டு மில்லிமீட்டரின்மேல் பின்னது பற்றுகிறது. வாத்ஸ்யாயனர் கண்ட அரக்கு, கல்லையும் கட்டையையும் பிடித்தது. இந்தப் பசை பிடிப்பது தன் முன்னோனை. நான் படித்த இரு கட்சியாரும், ஒன்று அவயவங்களைப் பார்த்தார்கள், அல்லது அவற்றுக்கு மேற்பட்ட அவயவியைப் பார்த்தார்கள். நடுவில் கறுப்பாக, அசிங்கமாக, துடைத்தால் போகாமல் இருப்பதில்தான் விஷயம் இருக்கிறது என்று எனக்குத் தோன்றியது. ஒன்று மட்டும் இடிக்கிறது: பௌத்தனுக்கு அந்தக் கோட்டைச் சுத்தமாகச் சுரண்டிவிடுவதே வீடுபேறு, மெக்கானிக்குக்கோ அது கெட்ட வேலை.

பூரி ஜகந்நாதத்தில் இதை ஒரு பெரிய உற்சவமாகவே நடத்துகிறார்கள். ஆஷாட மாதம் இரண்டாக வரும் வருஷங்களில், கடைசியாக 2015-இலும் அதற்கு முன் 1996-இலும், வேம்பைத் தேடி வெட்டிப் புது மூர்த்திகளைச் செதுக்கி, பழைய மூர்த்தியின் உள்ளிருக்கும் பிரம்ம பதார்த்தம் என்ற ஒன்றை நள்ளிரவில், கண்ணைக் கட்டிக்கொண்டு கையிலும் துணியைச் சுற்றிக்கொண்டு, புது மூர்த்திக்குள் மாற்றுகிறார்கள். அது இன்னதென்று மாற்றுகிறவனே பார்ப்பதில்லை. பழைய மூர்த்தியைக் கோவிலுக்குள்ளேயே அடக்கம் செய்துவிட்டு, சொந்தத் தகப்பன் இறந்தாற்போலத் தைதாபதிகள் என்ற சேவகர்கள் தீட்டும் காக்கிறார்கள். தீட்டுக் கழிந்த சில வாரங்களில் அதே சுவாமியைத் தேரிலும் ஏற்றுகிறார்கள். இறந்தார் என்பதும் இருக்கிறார் என்பதும் அங்கே ஒன்றையொன்று தள்ளவில்லை. நம் பக்கத்துக் கோவில்களிலும் திருப்பணியின்போது மூல ஸ்தானத்துச் சக்தியைக் கும்பத்திலோ பலகையிலோ ஆவாகனம் செய்து பாலாலயத்தில் வைத்திருந்து, பிறகு கும்பாபிஷேகத்தில் திரும்பச் சேர்ப்பிக்கிறார்கள். கல்லைப் புதுப்பிக்கலாம், எதையோ ஒன்றை மட்டும் அறாமல் கடத்திவிட வேண்டும் என்ற கவலை ஆகமக்காரர்களுக்கும் இருந்திருக்கிறது. எங்கள் இருபத்து மூன்று நாள் தார்ப்பாயைப் பாலாலயம் என்று சொல்ல எனக்குத் துணிவில்லை.

இதற்குள் பெரியவர் கண்ணாடியின் கறுப்பு விளிம்பில் ப்ரைமர் தடவி உலரவிட்டு, முக்கோண வாய் வைத்த குழாயிலிருந்து பசையை ஒரே கோடாக, கை நிறுத்தாமல், முறுக்குப் பிழிகிறவளுடைய கவனத்தோடு சுற்றிலும் இட்டு முடித்திருந்தார். இருவரும் இருபுறம் பிடித்துக் கண்ணாடியை இறக்கினார்கள். இறக்கிய பின் அசைக்கக்கூடாதாம். ஒரு தடவை உட்கார்ந்தால் உட்கார்ந்ததுதான். காற்றின் ஈரத்தைக் குடித்து இறுகுகிற பசை அது. வேறெதற்கும் உதவாத சென்னையின் புழுக்கம் இதற்கு உகந்தது என்று தெரிந்தபோது ஊரின்மேல் சற்று மரியாதை வந்தது.

"நாளைக்குக் காலைல வரைக்கும் வண்டிய எடுக்காதீங்க சார். ஜன்னலை ஒரு விரக்கடை இறக்கியே வையுங்க. எல்லாம் மூடியிருக்கறப்ப கதவை அடிச்சுச் சாத்தினா, உள்ள இருக்கற காத்து கண்ணாடிய மேல தள்ளிடும்."

அன்று இரவு முழுவதும் கூரை வண்டியின்மேல் இருந்தது, ஆனால் வண்டியினுடையதாக இன்னும் ஆகவில்லை. ஸம்யோகம் என்ற வெறும் சேர்க்கை முடிந்து சமவாயம் தொடங்காத அந்த நேரத்துக்கு வைசேஷிகர்கள் ஒரு பெயரும் வைக்கவில்லை. நான் இரண்டு முறை எழுந்துபோய், வண்டியைத் தொடாமல், தென்னையை மட்டும் அண்ணாந்து பார்த்துவிட்டு வந்தேன். காய்களை மாலையிலேயே ஆள் வைத்து இறக்கியாகிவிட்டது.

காலையில் என் மனைவி ஸ்நானம் செய்துவிட்டு, சந்தனக் கிண்ணமும் குங்குமச் சிமிழுமாக வந்தாள். தேங்காய் எடுத்து வரவில்லை. புதுக் கண்ணாடிக்குப் பொட்டு வைக்க எண்ணிக் காலை உன்னி நின்று கையை நீட்டினாள், கூரை எட்டவில்லை. ஸ்டூல் கொண்டுவரட்டுமா என்றேன். வேண்டாமென்று, கதவை மெதுவாகத் திறந்து உள்ளே குனிந்து, டாஷ்போர்டின் மூலையில் சென்ற ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனம் காய்ந்து வெடித்து ஒட்டிக்கொண்டிருந்த இடத்தைச் சுண்டுவிரலால் தடவிப் பார்த்துவிட்டு, அதன்மேலேயே புதுச் சந்தனத்தை வைத்தாள்.