பாதி நினைவும் முழு வசனமும்

மறைநூல்களைச் சிறு வயதில் செவிவழியாகக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு ஓர் அனுபவம் பொதுவானது. துயரம் சூழ்ந்த ஒரு வேளையில், என்றோ கேட்ட வாக்கியம் ஒன்று உள்ளத்தின் ஆழத்திலிருந்து மேலெழுகிறது. ஆனால் முழுமையாக எழுவதில்லை. முதற்சொல் நினைவுக்கு வரும், முடிவு வராது. பொருள் தெரியும், எந்த நூலில் எந்த அதிகாரம் என்பது தெரியாது.

இதை ஒரு குறையென்று கருத வேண்டியதில்லை. பைபிளிலேயே இதற்கு முன்மாதிரி உண்டு. எபிரேயருக்கு எழுதப்பட்ட நிருபத்தின் ஆசிரியர் இரண்டாம் அதிகாரம் ஆறாம் வசனத்தில் எட்டாம் சங்கீதத்தை எடுத்துக் காட்டுகிறார். தாவீதின் பெயரை அவர் கூறவில்லை. சங்கீதம் என்றும் குறிப்பிடவில்லை. ஓரிடத்தில் ஒருவர் சான்று பகர்ந்திருப்பதாக மட்டும் எழுதிவிட்டு மேலே செல்கிறார். அந்நாளில் எண் சொல்லிச் சுட்டுவதற்கு வழியும் இல்லை. இன்றைய அதிகாரப் பிரிவுகள் 13-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஸ்டீபன் லாங்டன் வகுத்தவை. புதிய ஏற்பாட்டின் வசன எண்கள் 1551-இல் ராபர்ட் எஸ்தியேன் அச்சிட்ட பதிப்பில் இடம்பெற்றவை. நம் உரையாசிரியர்களும் அவ்வாறே. நச்சினார்க்கினியர் பல இடங்களில் நூற்பெயரைக் கூறாமல், பிறரும் இவ்வாறு கூறினர் என்ற அளவிலேயே மேற்கோளைத் தந்துவிடுவார். 1887-இல் சீவக சிந்தாமணியை அச்சேற்றிய உ.வே. சாமிநாதையர், அந்த மேற்கோள்களின் இருப்பிடத்தைத் தேடி எத்தனை ஏடுகளைப் புரட்ட நேர்ந்தது என்பதைத் தம் சுயசரிதத்தில் விரிவாகக் கூறியிருக்கிறார்.

இத்தகைய தேடலுக்கு உதவவே சொல்லடைவுகள் தோன்றின. லத்தீன் பைபிளுக்கு முதல் சொல்லடைவை 13-ஆம் நூற்றாண்டில் பாரிஸில் டொமினிகன் துறவியர் உருவாக்கினர். ஆங்கில பைபிளுக்கு 1737-இல் அலெக்ஸாண்டர் க்ரூடன் செய்தார். உபநிஷதங்களுக்கும் கீதைக்கும் 1891-இல் ஜேக்கப் என்ற ராணுவ அதிகாரி செய்து தந்த அடைவு, மொழிபெயர்ப்பாளர்களாகிய எங்களைப் போன்றோருக்கு இன்றும் கைவிளக்கு. ஆனால் சொல்லடைவைப் பயன்படுத்த, ஒரு சொல்லாவது சரியாக நினைவிருக்க வேண்டும். அந்தச் சொல்லே பிழையாக நினைவிருந்தால்?

இங்கேதான் கணிப்பொறி வேறொரு வழியைத் திறக்கிறது. ரஷ்யக் கணித அறிஞர் விளாதிமிர் லெவன்ஷ்டைன் 1965-இல் ஓர் அளவையை வகுத்தார். ஒரு சொல்லை மற்றொன்றாக மாற்ற எத்தனை எழுத்துகளைச் சேர்க்க, நீக்க, மாற்ற வேண்டுமோ, அதுவே அவ்விரு சொற்களுக்கும் இடையிலுள்ள தூரம். 'கிருபை' என்பதை ஒருவர் 'கிறுபை' என்று எழுதினால் தூரம் ஒன்று. 'மனுஷன்', 'மனிதன்' என்பவற்றுக்கிடையே தூரம் இரண்டு. பைபிள் ஆய்வு மென்பொருள்கள் சிலவற்றின் உள்ளே இயங்கும் 'லூசீன்' என்ற தேடற்பொறியில், சொல்லின் இறுதியில் அலைபோன்ற ஒரு குறியை இட்டால் போதும். இரண்டு தூரம் வரை விலகிய சொற்களையும் அது பொறுத்துக்கொண்டு, அவை வரும் வசனங்களைக் கொண்டுவந்து நிறுத்தும்.

தமிழில் இதற்கு ஓர் இடையூறு உண்டு. 'விலகினாலும்' என்பதை ஒருவர் 'விலகிப்போனாலும்' என்று நினைவில் வைத்திருக்கிறார். நம் கண்ணுக்கு 'ப்', 'போ' என்ற இரண்டே எழுத்துகள் கூடுதல். கணிப்பொறிக்கோ புள்ளியும் ஓர் எழுத்து, ஓகாரக் குறியும் ஓர் எழுத்து. ஆகவே அதன் கணக்கில் தூரம் நான்கு. இரண்டோடு நின்றுவிடும் பொறி இதைக் கைவிட்டுவிடும். இவ்வாறான வேளையில் 'விலகி' என்ற பகுதியை மட்டும் எழுதி, பின்னே நட்சத்திரக் குறியிட்டுத் தேடுவதே சிறந்தது. விகுதிகள் பெருகிய மொழியில் அடிச்சொல்லைப் பற்றிக்கொள்வதுதான் பாதுகாப்பு.

கேரள எல்லையோரத்துத் தமிழ்க் குடும்பங்களை எண்ணிப் பாருங்கள். பாலக்காட்டில் வாளையாறு, கொழிஞ்சாம்பாறை, சித்தூர்ப் பகுதிகள். இடுக்கியில் தேவிகுளம், பீர்மேடு, உடும்பஞ்சோலை. வீட்டிலும் வழிபாட்டிலும் தமிழ். அலுவலகத்திலும் கடைவீதியிலும் மலையாளம். கோயம்புத்தூர், கோழிக்கோடு மறைமாவட்டங்களிலிருந்து பிரித்து 2013-இல் சுல்தான்பேட்டை மறைமாவட்டம் அமைக்கப்பட்டபோது, இந்த எல்லைத் தமிழர் பலரும் அதனுள் அடங்கினர். மூணாற்றின் தேயிலைத் தோட்டங்களிலோ, ஒரே லயத்தில் கத்தோலிக்கக் குடும்பமும் தென்னிந்தியத் திருச்சபைக் குடும்பமும் மாரியம்மனை வழிபடும் குடும்பமும் சுவருக்குச் சுவர் வாழ்கின்றன.

இத்தகைய ஊரில் ஒருவர் நினைவில் எத்தனை மொழிபெயர்ப்புகள் படிந்திருக்கும்! தரங்கம்பாடியில் சீகன்பால்கு 1715-இல் புதிய ஏற்பாட்டை அச்சிட்டு முடித்தது முதல் தமிழ் பைபிள் பலமுறை உருமாறியிருக்கிறது. 1871-இன் பவர் திருத்தம் சீர்திருத்தச் சபைகளில் நிலைபெற்றது. 1995-இல் பொது மொழிபெயர்ப்பாகத் திருவிவிலியம் வந்தது. முன்னதில் கர்த்தர், பின்னதில் ஆண்டவர். முன்னதில் சங்கீதம், பின்னதில் திருப்பாடல். மலையாளத்திலோ பெஞ்சமின் பெய்லி 1829-இல் கோட்டயத்தில் புதிய ஏற்பாட்டை அச்சிட்டார். அதன் வழிவந்த நடை வேறு. பாட்டியிடம் கேட்டது ஒன்று, பள்ளியில் கேட்டது ஒன்று, திருமணமாகிப் போன வீட்டில் கேட்டது மற்றொன்று. மூன்றும் கலந்து நினைவில் நிற்கும் வசனம் எந்த நூலிலும் அப்படியே இருக்காது.

அங்கே மலையோரத் தோட்டம் ஒன்றில் முதியவர் ஒருவர், மலைகளே பெயர்ந்து போனாலும் என்று தொடங்கும் ஏதோ ஒரு வசனத்தை நாடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். பேரன் அதைக் கைபேசியிலுள்ள மென்பொருளில் எழுதித் தேடுகிறான். தோராயத் தேடல் ஒன்றை அல்ல, பலவற்றைக் கொணரும். அவற்றுள் மூன்று முக்கியமானவை. 46-ஆம் சங்கீதத்தின் இரண்டாம் வசனம்: மலைகள் கடலின் நடுவில் சரிந்தாலும் அஞ்சமாட்டோம் என்னும் கருத்து. ஏசாயா 54:10: மலைகள் அகன்றாலும் இறைவனின் இரக்கம் அகலாது என்னும் கருத்து. மூன்றாவது, யோபு 14:18. அதுவும் மலை விழுவதையும் பாறை இடம்பெயர்வதையும் சொல்கிறது. ஆனால் அடுத்த வசனத்தோடு சேர்த்துப் படித்தால், அவ்வாறே மனிதனின் நம்பிக்கையையும் நீர் அழிக்கிறீர் என்று யோபு இறைவனிடமே முறையிடுகிறார்.

மென்பொருளின் அளவையில் மூன்றும் ஏறத்தாழ ஒரே தொலைவில் நிற்கின்றன. பொருளிலோ ஒன்று துணிவு, ஒன்று ஆறுதல், ஒன்று புலம்பல். எழுத்தின் அண்மை பொருளின் அண்மை ஆகாது. 'பகை'க்கும் 'புகை'க்கும் தூரம் ஒன்றுதான். மாறாக, ஏசாயாவின் அந்த வசனத்தில் 'ஹெசெத்' என்ற ஒரே எபிரேயச் சொல்லை 1871-இல் 'கிருபை' என்றும் 1995-இல் 'பேரன்பு' என்றும் பெயர்த்தனர். ஓரெழுத்தும் பொருந்தாத இவ்விரு சொற்களும் ஒன்றையே சுட்டுகின்றன என்பதை எழுத்துகளை எண்ணும் எந்தப் பொறியும் அறியாது.

அப்படியானால், 'இதுதான் நான் தேடியது' என்று அந்த முதியவருக்கு எது தெரிவிக்கிறது? புனித அகஸ்டின் தமது 'ஒப்புதல்கள்' நூலின் பத்தாம் பகுதியில் இக்கேள்வியைத்தான் எழுப்புகிறார். லூக்கா சுவிசேஷத்தில், தொலைந்த வெள்ளிக்காசை விளக்கேற்றித் தேடும் பெண்ணை அவர் நினைவுகூர்கிறார். அந்தக் காசு அவளது நினைவில் இல்லாதிருந்தால், கண்டபோது அதுவே என்று எப்படி அறிந்திருப்பாள்? மறந்துபோன ஒரு பெயரை நாம் தேடும்போது வேறு பெயர்கள் வந்து நிற்கின்றன. அவற்றை ஒவ்வொன்றாகத் தள்ளுகிறோம். சரியானது வந்ததும் மனம் அமைதியடைகிறது. ஆகவே முற்றிலும் மறந்ததை நாம் தேடவே முடியாது என்கிறார் அவர். நமது தர்க்க சாஸ்திரம் இதனை 'பிரத்யபிக்ஞை' என்று பெயரிட்டு ஆராய்ந்தது. முன்பு கண்டதன் ஸம்ஸ்காரமும் இப்போதைய காட்சியும் ஒன்றுகூடி, 'அதுவே இது' என்ற அறிவு பிறக்கிறது. பொறி தருவது காட்சியை மட்டுமே, ஸம்ஸ்காரம் முதியவருடையது. பேரனின் கண்ணுக்கு மூன்று வசனங்களும் ஒன்றுபோல் தோன்றும். உரக்கப் படித்துக் காட்டினால், ஏசாயாவின் சொல் வரும்போது முதியவரின் முகமே விடை கூறிவிடும். தேடுபவர் படிக்க அறியாதவராயினும் இறுதித் தீர்ப்பு அவரிடமே இருக்கிறது.

ஆயினும் அடையாளம் கண்டுகொள்வதோடு கடமை முடிந்துவிடுமா? பணமே எல்லாத் தீமைக்கும் வேர் என்று பைபிள் சொல்வதாகப் பலரும் நினைக்கின்றனர். 1 தீமோத்தேயு 6:10-ஐத் தேடி எடுத்தால், அங்கே பழிக்கப்படுவது பணம் அன்று, பணத்தின்மீதுள்ள ஆசை என்பது தெரியும். இது நினைவின் பிழை, திருத்துவது எளிது. இதைவிட நுட்பமான பிழை ஒன்று உண்டு. மத்தேயு நான்காம் அதிகாரத்தில், ஆலயத்தின் உச்சியிலிருந்து குதிக்குமாறு ஏசுநாதரைத் தூண்டும் சாத்தான், 91-ஆம் சங்கீதத்தை மேற்கோள் காட்டுகிறான். உன் வழிகளிலெல்லாம் காப்பார் என்ற கருத்துடைய சிறு தொடரை மட்டும் விட்டுவிடுகிறான். எந்தத் தேடற்பொறியும் அந்த மேற்கோளுக்கு மிக உயர்ந்த மதிப்பெண்ணே வழங்கும். சொல் சரி, இடம் சரி, சொன்ன நோக்கம் மட்டும் சரியில்லை.

துயரத்தில் இருப்பவருக்காக நாம் வசனம் தேடும்போது இந்த எச்சரிக்கை பன்மடங்காக வேண்டும். 2020 ஆகஸ்ட் 6-ஆம் நாள் இரவு, மூணாற்றை அடுத்த ராஜமலையின் பெட்டிமுடியில் மலை சரிந்து தொழிலாளர் லயங்களை மூடியது. தமிழ்த் தொழிலாளர்களும் அவர்தம் பிள்ளைகளுமாக 70 பேர் உயிரிழந்தனர். அந்த மலைச்சரிவை நினைத்துக்கொண்டு மழை, வெள்ளம், வீடு, வீழ்ச்சி என்ற சொற்களைத் தேடினால் முன்வந்து நிற்பது மத்தேயு ஏழாம் அதிகாரம்: பாறைமீது கட்டியவன் அறிவாளி, மணல்மீது கட்டியவன் அறிவிலி என்னும் உவமை. சொற்களெல்லாம் பொருந்துகின்றன. ஆயினும் தாம் கட்டாத, தேர்ந்தெடுக்காத, தோட்டத்தார் ஒதுக்கித் தந்த வீட்டில் உறங்கியவர்களை எண்ணி அழுவோரிடம் அதைப் படிப்பது எத்தகைய கொடுமை! அதே சுவிசேஷங்களில் லூக்கா 13:4 இருக்கிறது. சீலோவாமில் கோபுரம் விழுந்து 18 பேர் மாண்ட செய்தி பேசப்பட்டபோது, மாண்டவர்கள் மற்றவர்களைவிடப் பெரிய குற்றவாளிகள் என்ற எண்ணத்தை ஏசுநாதர் வெளிப்படையாக மறுத்தார். 'மழை' என்றோ 'மலை' என்றோ தேடினால் இவ்வசனம் கிடைக்காது. நூலோடு நெடுநாள் பழகியவருக்கே அது தோன்றும்.

யோபுவின் நண்பர்களையும் மறக்கலாகாது. அவர்கள் கூறியவற்றுள் பல, தனியே எடுத்துப் படித்தால் மிக உயர்ந்த உண்மைகள். ஆனால் 42:7-இல் இறைவன் அவர்களையே கண்டிக்கிறார்; முறையிட்ட யோபுவை அல்ல. ஆகவே தேடலில் வந்த மூன்றாவது வசனத்தை, பொருந்தாதது என்று நாம் அவசரப்பட்டு ஒதுக்கிவிட வேண்டாம். நம்பிக்கை இடிந்த ஒருவருக்கு, ஆறுதல் மொழியைவிட அந்தப் புலம்பலே முதலில் தம் குரலாகக் கேட்கக்கூடும். எதை முதலில் படிப்பது என்பதை அருகில் அமர்ந்து, அவர் பேசுவதைக் கேட்டபின் தீர்மானிப்பதே முறை.

முதியவர் ஏசாயாவை அடையாளம் கண்டுகொண்டார் என்றே வைத்துக்கொள்வோம். திரையில் ஒளியூட்டப்பட்டு நிற்பது பத்தாம் வசனம் மட்டும். பேரன் அங்கே நிறுத்திவிடாமல் அதிகாரத்தின் தொடக்கத்திலிருந்து படிப்பானாக. பிறகு பதினொன்றாம் வசனத்தையும் படிப்பானாக. புயலில் அடிபட்டு, தேற்றுவாரின்றி நிற்கும் ஒரு பெண்ணாக நகரத்தை அழைத்து அவ்வசனம் பேசுகிறது. அவளுக்கு இனி நீலக்கற்களால் அஸ்திவாரம் இடப்படும் என்கிறது.