ஐயமற இறந்ததென்று யார் சொல்வது?

1914-ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் நாள், அமெரிக்காவின் சின்சினாட்டி நகர விலங்குக் காட்சிச்சாலையில் ஒரு பெண் புறா இறந்தது. மார்த்தா என்பது அதன் பெயர். பயணப்புறா என்னும் இனத்தில் எஞ்சியிருந்த கடைசி உயிர் அதுவே. அதற்கு நூறாண்டுகளுக்கு முன் அந்த இனம் கூட்டமாகப் பறந்தபோது மணிக்கணக்கில் வெயில் மறைந்து கிடந்ததெனக் கண்டவர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். நூறு கோடிக் கணக்கில் இருந்த பறவையை வலைவீசிப் பிடித்தும் சுட்டு வீழ்த்தியும், பீப்பாய்களில் அடைத்து இரயிலேற்றியும் விற்றுத் தீர்த்தார்கள். அது கூடுகட்டிய காடுகளையும் வெட்டினார்கள். ஓர் இனம் அற்றுப்போன நாளை இத்தனை துல்லியமாகச் சொல்ல முடிவது மிக அரிது. கூண்டுக்குள் நிகழ்ந்த இறப்பாதலால் நாள்காட்டியில் குறித்துவைக்க முடிந்தது.

ஆயினும் சற்று நின்று எண்ணிப் பார்ப்போம். மார்த்தாவோடு இருந்த கடைசி ஆண் புறா 1910-இலேயே இறந்துவிட்டது. அதன்பின் சென்ற நான்கு ஆண்டுகளில் அந்த இனம் உயிரோடு இருந்ததா? ஏட்டுக் கணக்கின்படி இருந்தது. முட்டையும் குஞ்சும் தலைமுறையுமாக நீளும் இழையே இனம் எனில், அவ்விழை அப்போதே அறுந்துபோயிற்று. கென்யாவில் 2018 மார்ச் 19 அன்று சூடான் என்ற வட வெள்ளைக் காண்டாமிருகம் இறந்தபோதும் இதே நிலைதான். அந்த உள்ளினத்தின் கடைசி ஆண் அது. எஞ்சியவை அதன் மகளும் பேத்தியும். நோவாவின் பேழைக்குள் இணை இணையாகச் சென்றன என்று சிறுவயதில் மறைக்கல்வி வகுப்பில் படித்தபோது, அந்த 'இணை' என்ற சொல்லின் கனம் நமக்கு விளங்கியதில்லை.

கூண்டுக்கு வெளியே நிகழும் இறப்புக்குச் சாட்சி இல்லை. காட்டில் கடைசிப் பறவை விழும்போது அதுதான் கடைசி என்று யாருக்கும் தெரியாது. ஆகவே அற்றுப்போதலுக்கு ஓர் இலக்கணம் தேவைப்பட்டது. ஐம்பது ஆண்டுகள் கண்ணில் படாவிட்டால் அற்றுப்போனதாகக் கொள்ளலாம் என்று ஒரு காலத்தில் கணக்கு வைத்திருந்தார்கள். சிவப்புப் பட்டியலை வெளியிடும் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் 1994-இல் வேறு விதமாக வரையறுத்தது. கடைசி உயிர் இறந்துவிட்டது என்பதில் நியாயமான ஐயம் ஏதும் எஞ்சாதபோதே ஓர் இனம் அற்றுப்போனதாகும். அந்த ஐயம் நீங்க வேண்டுமானால், அவ்வினம் வாழக்கூடிய இடங்களிலெல்லாம், அது நடமாடும் வேளையிலும் பருவத்திலும், அதன் ஆயுளுக்கு ஏற்ற கால அளவுக்குத் தேடியிருக்க வேண்டும்.

நியாயமான ஐயம் என்பது நீதிமன்றத்தின் சொல் அன்றோ! பறவையின் இறப்பை அளக்கப் புகுந்தவர்கள், தேடுகிற மனிதரின் நேர்மையை அளக்கும் கோலை அல்லவா எடுத்துக்கொண்டார்கள்?

காணாமற்போன மனிதரைப் பற்றியும் சட்டம் இவ்வாறே பேசுகிறது. 1872-ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டத்தில் எழுதப்பட்டு, 2024-இல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்திலும் தொடரும் விதி அது. ஏழு ஆண்டுகள் ஒருவரைப் பற்றிய செய்தி இல்லையெனில், அவர் உயிரோடிருக்கிறார் என்பவரே அதை மெய்ப்பிக்க வேண்டும். ஆனால் அந்த ஏழு ஆண்டு மௌனம் யாருடைய மௌனம்? உயிரோடிருந்தால் இயல்பாகவே யாருக்குச் செய்தி எட்டியிருக்குமோ, அவர்களுக்கு எட்டாத மௌனம். தொலைவிலுள்ள அதிகாரிக்கு ஒன்றும் தெரியவில்லை என்பது கணக்கில் வராது. மனைவிக்குத் தெரியுமா, தாய்க்குத் தெரியுமா, உடன் படகேறியவர்களுக்குத் தெரியுமா என்று கேட்டாக வேண்டும். 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் வீசியபின் குமரிக் கடற்கரையில் காத்திருந்த நம் குடும்பங்களுக்கு இந்த விதியின் ஒவ்வொரு சொல்லும் எத்துணை பாரமானது என்பது தெரியும். கல்லறைத் திருநாளில் மெழுகுதிரி ஏற்ற அவர்களுக்கு ஒரு பிடி மண்ணும் இல்லை. மனிதரையும் பறவையையும் ஒரே தட்டில் வைத்து நிறுக்கிறோம் என்று எவரும் எண்ண வேண்டாம். செய்தி யாருக்கு எட்டும் என்று கேட்கும் அந்தச் சட்டத்தின் நேர்மையைத்தான் இங்கே கடன் வாங்குகிறோம்.

அதைக் கேட்கத் தவறினால் என்ன நேரும் என்பதற்கு அண்டை மாநிலத்துப் பறவை ஒன்று சான்று. சென்னை இராணுவத்தில் மருத்துவராயிருந்த தாமஸ் ஜெர்டன் 1848-இல் அறிவியல் உலகுக்கு அறிமுகப்படுத்தியதால், ஜெர்டன் கோர்சர் என்று அவர் பெயராலேயே அது வழங்குகிறது. தெலுங்கில் கலிவிக்கோடி. ஆள்காட்டிக் குருவியினும் சற்றுச் சிறியது. மார்பில் இரண்டு பழுப்புப் பட்டைகள். 1900-க்குப் பின் அதைக் கண்டதாகப் பதிவு இல்லை. அறிஞர்கள் தேடிப் பார்த்துக் கைவிட்டார்கள். அற்றுப்போனதென்றே பலரும் கருதினர். அவர்கள் தேடியது பகலில். பறவையோ முட்புதர்களுக்கிடையே இரவில் இரைதேடுவது!

எண்பதுகளின் நடுவில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தைச் சேர்ந்த பரத் பூஷண் வேறு வழியில் முயன்றார். கடப்பை மாவட்டத்துச் சிற்றூர் மக்களிடம் படத்தைக் காட்டி விசாரித்தார். 1986 சனவரியில் உள்ளூர் வேட்டைக்காரர் ஒருவர் இரவு வெளிச்சத்தில் அப்பறவையைக் கண்டு உயிரோடு பிடித்தார். 86 ஆண்டுகள் இல்லாதிருந்த பறவை அவர் கையில் இருந்தது. பட்டமும் பதவியும் இல்லாத அவரே, செய்தி இயல்பாக எட்டக்கூடிய ஆள். அவரை அதுவரை யாரும் கேட்கவில்லை. பிடிபட்ட பறவை சில நாள்களிலேயே இறந்துபோனது என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். உண்டு என்று மெய்ப்பிக்கப் போய் ஒன்றைக் குறைத்தோம்.

காலத்துக்கு முந்திச் சொல்லும் இந்தப் பிழைக்கு நைஜல் காலர் என்ற பறவையியலாளர் 1998-இல் 'ரோமியோ பிழை' என்று பெயரிட்டார். உறங்குகிறவளை இறந்தவளென்று நம்பி ரோமியோ உயிர்விட, அதனால் அவளும் மெய்யாகவே இறந்தாள். பிலிப்பீன்சின் செபு தீவில் காடு போயிற்று, ஆகவே பூங்கொத்திப் பறவையும் போயிற்று என்று முடிவுகட்டிப் பாதுகாப்பைக் கைவிட்டார்கள். 1992-இல் எஞ்சியிருந்த சிறு காட்டுத்துண்டில் அப்பறவை தென்பட்டது.

எதிர்ப்பக்கத்துப் பிழையும் உண்டு. தாஸ்மேனியப் புலி எனப்பட்ட விலங்கின் கடைசி உயிர் 1936 செப்டம்பர் 7 அன்று ஹோபார்ட் நகரில் கூண்டிலேயே இறந்தது. அதன் தலைக்கு விலைவைத்து 1888 முதல் 1909 வரை பணம் கொடுத்த அரசு, அதற்குச் சட்டப் பாதுகாப்பு அளித்தது அவ்விறப்புக்கு 59 நாள்களுக்கு முன்புதான். அற்றுப்போனதெனச் சிவப்புப் பட்டியல் அறிவித்தது 1982-இல். இடைப்பட்ட 46 ஆண்டுகள் அது உண்டுமில்லை, இல்லையுமில்லை. இல்லாததைத் தேடிச் செலவிடும் காசும் காலமும் இருப்பதைக் காக்க உதவியிருக்கும் என்போரின் வாதம் எளிதில் தள்ளத்தக்கதன்று. ஆனாலும் தாமதமாகச் சொல்வதால் வீணாவது பொருள். முந்திச் சொல்வதால் போவது உயிர். அதனால் முதல் பிழையையே நாம் பொறுத்துக்கொள்ளத் துணிவோம். திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் வெளியிட்ட 'லவுதாத்தோ சீ' மடலில், படைப்புயிர் ஒவ்வொன்றும் தன் இருப்பாலேயே இறைவனைப் புகழ்கிறது என்னும் கருத்தைக் காண்கிறோம். அப்படியானால் இன்னும் ஒலித்துக்கொண்டிருக்கும் ஒரு குரலை நின்றுவிட்டதாகப் பதிவது எளிய எழுத்துப்பிழை ஆகுமா?

கலிவிக்கோடியின் கதை இதோடு முடியவில்லை. தமிழ்நாட்டைச் சேர்ந்த ஆய்வாளர் ப. ஜெகநாதன் அதன் வாழிடத்தில் மண்ணைப் பட்டையாகப் பரப்பிக் காலடித் தடங்களைப் பார்த்துப் பல ஆண்டுகள் ஆராய்ந்தார். 2005-இல் அந்தப் புதர்க்காட்டுக்குள் தெலுங்கு கங்கைத் திட்டத்தின் கால்வாய் வேலை நுழைந்தது. சென்னைக்குக் கிருஷ்ணா நீரைக் கொண்டுவரும் திட்டம் அதுவே. அந்த நீரைப் பருகுகிறவர்களில் இவ்வேட்டின் வாசகர்களும் உண்டு. ஆய்வாளர்கள் முறையிட்டார்கள்; கால்வாயின் பாதை மாற்றப்பட்டது. 1900-இன் தீர்ப்பு அப்படியே நின்றிருந்தால் யாருக்காக மாற்றியிருப்பார்கள்?

அதன்பின் பறவை மீண்டும் கண்ணுக்கு அரிதாயிற்று. 'தேடிய காலம் போதுமா' என்ற கணக்கு மறுபடியும் தொடங்கிற்று. அதன் கூவலின் ஒலிப்பதிவை எடுத்துக்கொண்டு ஆய்வாளர்கள் இரவில் லங்கமலைப் புதர்களுக்குள் போனார்கள். பதிவை ஒருமுறை ஒலிக்கவிட்டு, நிறுத்திவிட்டு, இருட்டில் பதிலுக்காகக் காத்து நின்றார்கள்.