காமரங்காச் சாறும் அயல் வீட்டு அன்பும்

கண்டி, பேராதனை வைத்தியர்கள் 2015இல் ஒரு மருத்துவ இதழில் இரண்டு நோயாளரைப் பற்றி எழுதினார்கள். இருவருக்கும் சீனி வருத்தம். ஒருவர் ஒரே தடவையில் நிறையக் காமரங்காச் சாறு குடித்தார். சிறுநீரகம் திடீரெனச் செயலிழந்தது. மற்றவர் சீனிக்கு மாற்று மருத்துவம் செய்துகொண்டிருந்தவர். இரண்டு மூன்று வருடமாகக் காமரங்காவை அளவுக்கு மீறி உட்கொண்டு, நாட்பட்ட சிறுநீரக நோயில் வந்து நின்றார். காமரங்காவில் ஒக்சலேட் மிகுதி. உடலில் அது கல்சியத்தோடு சேர்ந்து நுண்ணிய பளிங்குகளாகிச் சிறுநீரக நுண்குழாய்களை அடைத்துவிடும்.

இதில் யாரைக் குற்றம் சொல்வது? ஒப்பிட ஒன்று: 2020 டிசம்பரில், கேகாலையில், கொரோனாவுக்கென்று தம்மிக்க பண்டார என்பவர் கொடுத்த பாணியை வாங்க ஆயிரக்கணக்கானோர் நெருக்கியடித்து நின்றார்கள். அப்போதைய சுகாதார அமைச்சர் பவித்ரா வன்னியாராச்சியே அதைப் பகிரங்கமாகக் குடித்தார். அடுத்த மாதம் அவருக்கும் தொற்று வந்தது. அங்கே பிழை யாருடையது என்று விரல் நீட்டுவது எளிது. காமரங்காச் சாறோ கடைச் சரக்கு அல்ல. வேலியோரத்து மரத்தில் காய்த்ததை, “சீனிக்கு நல்லது, எனக்குக் கேட்டது” என்று அயலவர் பையில் போட்டுக் கொண்டுவந்து தருவார். அவருக்கு ஒரு சதமும் இலாபமில்லை. வள்ளுவர் மருத்துவத்தை நோயாளி, மருத்துவன், மருந்து, உடனிருந்து உதவுபவன் என்று நான்காகப் பகுத்தார். பையோடு வரும் இந்த அயலவருக்கு அந்தக் கணக்கில் இடமில்லை. ஆனால் நம் ஊர்களில் நோயாளியிடம் முதலில் வந்து சேருகிறவர் அவர்தான்.

அவர் பொறுப்பாளிதான். நோக்கம் நல்லதென்பதால் மட்டும் பொறுப்பு நீங்காது. “எனக்குக் கேட்டது” என்கிறவர் சாற்றோடு மெட்ஃபோமின் மாத்திரையையும் போட்டிருப்பார், இராச் சோற்றையும் குறைத்திருப்பார். எது கேட்டதென்று அவருக்கே தெரியாது. தெரியாததைத் தெரிந்ததுபோல் ஒரு நோயாளியிடம் சொல்வதில் சிறு பொய் ஒன்று இருக்கிறது, அன்பில் தோய்ந்திருந்தாலும்.

“பாட்டன் பூட்டன் காலத்து மருந்துக்கு இனி என்ன பரிசோதனை?” என்று கேட்பவர்கள் உண்டு. அந்தக் கேள்வியை எள்ளி ஒதுக்கக் கூடாது. குடித்த அன்றே வாந்தி எடுக்க வைப்பதை, மறுநாள் ஆளைக் கிடத்துவதை வழக்கம் தானாகவே கண்டுபிடித்துக் கழித்துவிடும். பல ஆண்டு கழித்து வரும் கேட்டை அதற்குப் பார்க்கத் தெரியாது. மூலிகையையும் நோயையும் இணைத்துப் பார்க்க ஒரு தலைமுறையின் கண் போதாது. ஈச்சுரமூலி இனச் செடிகள் பல நாடுகளில் நூற்றாண்டுக்கணக்காக மருந்தாக இருந்தவை. மெலிவதற்கென்று கொடுத்த குளிகைகளில் தவறுதலாக அந்த இனத்து வேர் சேர்ந்து, பெல்ஜியத்துப் பெண்கள் பலர் சிறுநீரகத்தை இழந்த பிறகுதான், 1993இல், அதன் நஞ்சை உலகம் உற்றுப் பார்த்தது. புற்றுநோயும் வரும் என்பது அதற்கும் பிறகே உறுதியானது. தவிர, பாட்டி காமரங்காவை ஊறுகாயாகத் தொட்டுக்கொண்டாள். வெறும் வயிற்றில் பெரிய கிளாஸ் நிறையக் குடிக்கவில்லை. மரபு என்ற பெயரில் நடப்பதெல்லாம் மரபல்ல.

பரிசோதிப்பது நாட்டு வைத்தியத்தை அவமதிப்பதல்ல என்பதற்கும் இலங்கையிலேயே சான்று உண்டு. கொத்தலஹிம்புட்டு என்பதைச் சித்த மருத்துவத்தார் பொன்கொரண்டி என்பர். அதன் மரத்தில் கடைந்த குவளையில் இரவு தண்ணீர் ஊற்றிக் காலையில் குடிப்பது பழைய வழக்கம். அது சேர்ந்த தேநீரை 51 சீனி நோயாளரிடம் சோதித்து 2005இல் வெளியிட்டார்கள். மூன்று மாதம் மூலிகைத் தேநீர், மூன்று மாதம் வெறும் தேநீர். எது எதுவென்று குடிப்பவருக்கும் தெரியாது, கொடுப்பவருக்கும் தெரியாது. மூலிகை குடித்த காலத்தில் இரத்தச் சீனியின் சில மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி அளவு ஓரளவு குறைந்திருந்தது. மூன்று மாதப் பயன் பத்து வருடப் பாதுகாப்புக்கு உத்தரவாதம் தராது. ஆனாலும் மூலிகைக்குக் கிடைத்த நேர்மையான மரியாதை இதுதான்.

1961ஆம் ஆண்டின் ஆயுர்வேதச் சட்டத்தோடு இந்த நாடு நாட்டு வைத்தியத்துக்கு ஒரு திணைக்களத்தையே கொடுத்தது. ஏற்பு கொடுத்த அரசு சோதிக்கும் கடமையையும் ஏற்றுக்கொண்டதாகத்தான் பொருள். அயலவரின் பங்கைவிட அதன் பங்கு பெரிது.

வைத்தியரின் பங்கும் சிறிதல்ல. ஒருநாள் சம்பளத்தை இழந்து, தோட்டத்திலிருந்து விடியமுன் பஸ் ஏறி, கிளினிக்கில் நம்பர் எடுத்துக் காத்திருந்த ஒருவர், “வேறு ஏதும் குடிக்கிறீர்களா?” என்ற கேள்வி ஏச்சாக வந்தால் “இல்லை” என்றுதான் சொல்வார். அந்த “இல்லை”க்குப் பின்னால் தினமும் ஒரு கிளாஸ் சாறு இருக்கலாம். சிறுநீரகம் ஏற்கெனவே பழுதானவருக்கோ ஒரு பழமே ஆபத்து. விக்கலில் தொடங்கி வலிப்பு, மயக்கம் வரை போகும், உயிரும் போகலாம். உண்மை சொல்ல முடியாத இடமாகத் தன் மேசையை வைத்திருக்கும் வைத்தியர், நோயாளியின் பொய்யில் பாதியைத் தானே சொல்லியிருக்கிறார்.

ஆகவே, வீட்டில் சீனி வருத்தக்காரர் இருந்தால், அடுத்த கிளினிக் நாளுக்கு முன் அவர் குடிக்கும் சாறு, கஷாயம், தூள் எல்லாவற்றையும் கிளினிக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் எழுதிவிடுங்கள். வைத்தியர் கேட்காவிட்டாலும் கொப்பியைத் திருப்பிக் காட்டுங்கள்.