குளியலறைப் படமும் கொடுக்கல் வாங்கலும்

குளியலறையைப் படம் பிடிப்பதில் மார்க்கம் எங்கே வந்தது என்று வாசகர்கள் கேட்கக்கூடும். சென்ற ஆண்டு வரை நாமும் அப்படித்தான் கேட்டிருப்போம். துபாயில் வேலை பார்க்கும் நம் மச்சான் ஒருவர், சென்னையில் தமக்கிருந்த அடுக்குமாடி வீட்டை விற்றுவிட எண்ணி, அந்தப் பொறுப்பை நம்மிடம் ஒப்படைத்தார். இக்காலத்தில் வீடு விற்பதென்றால் முதலில் படம் வேண்டும். வாங்குகிறவர் படியேறி வருவதற்கு முன்பே கைப்பேசியில் வீட்டைச் சுற்றிப் பார்த்துவிடுகிறார். கூடத்துப் படம் எப்படி இருந்தாலும் சரி, குளியலறைப் படம் மட்டும் பளிச்சென்று இருக்கட்டும், அதைப் பார்த்துத்தான் பெண்கள் முடிவு செய்கிறார்கள் என்றார் தரகர். கல்யாண வீடுகளில் படம் எடுத்துப் பழகிய நம் தங்கை மகனை அழைத்துக்கொண்டு போனோம்.

உயிருள்ளவற்றின் உருவத்தைப் பிடிப்பது பற்றிய பழைய விவாதத்தை இங்கே இழுக்க வேண்டியதில்லை. படத்தில் இருப்பவை சுவரும் குழாயும் தரையுமே. (ஆனாலும் அங்கிருந்த கண்ணாடியில் நம்முடைய தாடி விழுந்து மூன்று படங்கள் வீணாயின. பிறகு கண்ணாடிக்கு நேரே நில்லாமல் ஓரமாக நிற்க வேண்டும் என்று பையன் நம்மை வெளியே அனுப்பிவிட்டான்.)

அந்தக் குளியலறை நாலரை அடி அகலமும் ஏழு அடி நீளமும் உள்ளது. அத்தனை சிறிய இடத்தைப் படமாக்குவதில் இவ்வளவு வேலை இருக்கும் என்று நாம் நினைக்கவில்லை. வாளி, குவளை, முக்காலி, சோப்புப் பெட்டி, பல் துலக்கும் பிரஷ் எல்லாவற்றையும் முதலில் வெளியேற்றினான். குழாயில் படிந்திருந்த நீர்ப் புள்ளிகளை வினிகர் தொட்டுத் துடைத்தான். கழிப்பறைக் கோப்பையின் மூடியைச் சாத்தினான். காமிராவை மார்பு உயரத்தில், சற்றும் சாயாமல் பிடித்தான். மேல்நோக்கியோ கீழ்நோக்கியோ சாய்த்தால் சுவர்கள் விழுவது போலத் தெரியுமாம். பளபளக்கும் டைல்ஸில் ஃபிளாஷ் வெளிச்சம் அப்படியே திருப்பி அடிக்கும் என்பதால் அதை அணைத்துவிட்டான். வெண்டிலேட்டர் வழியே வரும் பகல் வெளிச்சம் நீலம் பூத்தது, விளக்கு வெளிச்சம் மஞ்சள். இரண்டும் கலந்தால் வெள்ளைச் சுவர் அழுக்காகத் தெரியும் என்று பல்பையே மாற்றினான். வெள்ளை டைல்ஸைப் பார்த்தால் காமிரா ஏமாந்துபோய்ப் படத்தைச் சாம்பல் நிறமாக்கிவிடும், ஆகவே வெளிச்சத்தை ஒரு படி கூட்டிவைக்க வேண்டும் என்றான். வெள்ளையை வெள்ளையாகக் காட்டுவதற்கே இத்தனை பாடு.

இவற்றில் எதையும் குறைசொல்ல முடியாது. சந்தைக்குக் கொண்டுபோகும் ஆட்டைக் குளிப்பாட்டுவதும், பழத்தைத் துடைத்துக் கூடையில் அடுக்குவதும் யாரும் தடுத்தவை அல்ல. தூய்மை ஈமானில் ஒரு பகுதி என்று அறிந்த சமுதாயம் அழுக்குக் குளியலறையைப் படமெடுத்துப் போட வேண்டுமென்று யாரும் சொல்லமாட்டார்.

சங்கடம் அதற்கு அப்புறம் வந்தது. கைகழுவும் தொட்டிக்குப் பின்புறம், டைல்ஸ் முடியும் இடத்துக்கு மேலே, இரண்டு சாண் அகலத்துக்குச் சுவரில் ஓதம் ஏறியிருந்தது. சுண்ணாம்பு உப்பிப் பொரிந்து, தொட்டால் உதிர்ந்தது. மேல்மாடிக் குளியலறையிலிருந்து தண்ணீர் கசிகிறது என்பது பார்த்த உடனே தெரியும். பையன் அதைப் பார்த்தான், சுவரிலிருந்த கம்பியையும் பார்த்தான். “மாமா, அந்த வெள்ளைத் துண்டைக் கொடுங்கள். கம்பியில் போட்டுவிட்டால் இது தெரியாது” என்றான். நாம் தயங்குவதைக் கண்டு, “வாங்க வருகிறவர்கள் துண்டை விலக்கிப் பார்த்துக்கொள்ளட்டுமே, நாம் என்ன கதவையா பூட்டி வைக்கிறோம்?” என்றும் கேட்டான்.

துண்டு நம் கையில் இருந்தது. அந்தக் கேள்விக்கு உடனே பதில் சொல்ல வரவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறோம். வீடு நம்முடையதன்று. மச்சான் நம்பி ஒப்படைத்த அமானிதம். அவருக்கு வரவேண்டிய விலையைக் குறைக்க நமக்கு என்ன உரிமை என்றும் மனம் கேட்டது.

கடைவீதியில் தானியக் குவியலுக்குள் அண்ணல் நபி (ஸல்) அவர்கள் கை நுழைத்துப் பார்த்த ஹதீஸ் எல்லோரும் அறிந்ததே. மேலே காய்ந்திருந்த தானியம் உள்ளே நனைந்திருந்தது. மழையில் நனைந்துவிட்டது என்றார் வியாபாரி. அவர் பொய் சொல்லவில்லை. மழையை வரவழைத்ததும் அவரல்லர். ஈரத்தை ஏன் மக்கள் பார்க்கும்படி மேலே வைக்கவில்லை என்பதுதான் நாயகம் (ஸல்) அவர்கள் கேட்ட கேள்வி. கை நுழைத்தால் யாருக்கும் தெரிந்திருக்கும் ஈரந்தான் அது. துண்டை விலக்கினால் தெரியும் ஈரத்தைப் போல. வாங்குகிறவன் தோண்டிப் பார்த்துக்கொள்ளட்டும் என்ற சமாதானம் அங்கேயே அடிபட்டுப் போகிறது. எத்தனையோ முறை மிம்பர்மேல் கேட்ட ஹதீஸ், ஓதம் ஏறிய ஒரு சுவருக்கு முன்னால் துண்டும் கையுமாக நின்றபோதுதான் நமக்கு உறைத்தது.

துண்டை மடித்து வைத்துவிட்டோம். இத்துடன் விஷயம் முடிந்திருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலையில்லை. பையன் எடுத்திருந்த படத்தைக் காட்டியபோது நாம் திகைத்துப் போனோம். நாலரை அடிக் குளியலறை, மாப்பிள்ளை வீட்டார் தங்கும் ஹோட்டல் அறையின் குளியலறை போல அகன்று கிடந்தது. அவன் பூட்டியிருந்தது பதினாறு மில்லிமீட்டர் லென்ஸ். அது ஏறக்குறைய ஒரு செங்கோணத்துக்கும் அதிகமான அகலத்தை ஒரே பார்வையில் வாரிக்கொள்ளும். அருகில் இருப்பதைப் பெரிதாக்கி, எதிர்ச் சுவரைத் தள்ளி நிறுத்திவிடும். இன்றைய கைப்பேசிகளிலும் அப்படிப்பட்ட அகலக் கண் ஒன்று உண்டு. “இதில் நான் எதையும் சேர்க்கவில்லை, எதையும் அழிக்கவில்லை மாமா” என்றான். அது உண்மைதான். சுவர் அதே சுவர், டைல்ஸை எண்ணினாலும் சரியாக இருக்கும். ஒரு சொல்லும் பொய்யாகச் சொல்லப்படாத இடத்தில் ஏமாற்று இருக்க முடியுமா?

இருக்க முடியும் என்றே பிக்ஹு நூல்கள் சொல்கின்றன. விற்கப் போகும் ஆட்டையோ ஒட்டகத்தையோ சில நாள் கறக்காமல் விட்டு மடியைப் பெருக்கவைத்து விற்பதை நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். வாங்கியவர் கறந்து பார்த்தபின் விரும்பினால் வைத்துக்கொள்ளலாம், இல்லையேல் ஒரு ஸாவு பேரீச்சம்பழத்துடன் திருப்பித் தரலாம். மடியும் உண்மை, உள்ளே இருந்த பாலும் உண்மை. தினமும் இவ்வளவு கறக்கும் என்று பார்க்கிறவர் எண்ணும்படி செய்ததுதான் குற்றம். இமாம் நவவி (ரஹ்) அவர்கள் தமது மின்ஹாஜில் இதையொட்டி இன்னும் சிலவற்றைச் சேர்க்கிறார்கள். வாய்க்காலின் தண்ணீரையோ தண்ணீரால் சுற்றும் திரிகையின் நீரையோ தேக்கி வைத்திருந்து, விற்கும் வேளையில் திறந்துவிட்டு வேகமாக ஓடச் செய்தால் வாங்கியவருக்குத் திருப்பும் உரிமை உண்டு. பதினாறு மில்லிமீட்டர் லென்ஸ் இந்தத் தேக்கிய தண்ணீருக்குத்தான் உறவு என்று நமக்குத் தோன்றுகிறது.

அதே இடத்தில் இமாம் அவர்கள் இன்னொன்றும் சொல்கிறார்கள். அதை விட்டுவிட்டால் நியாயமாகாது. அடிமை வாணிபம் நடந்த அக்காலத்தில், எழுதத் தெரிந்த அடிமைக்கு விலை அதிகம். ஆகவே அடிமையின் ஆடையில் மை பூசி, எழுத்தாளன் போலத் தோன்றச் செய்து விற்பதும் உண்டு. அதனால் வாங்கியவருக்குத் திருப்பும் உரிமை வராது என்பதே சரியான சொல் என்கிறார்கள். துணியில் மை பட்டதை மட்டும் கண்டு ஒருவன் எழுதக்கூடியவன் என்று முடிவு செய்வது வாங்குகிறவரின் அவசரம். படத்தில் சுருட்டி வைக்கும் வெண்துண்டு, தண்ணீர்த் தொட்டிமேல் வைக்கும் பூச்சாடி, வாசனை மெழுகுவத்தி இவற்றையெல்லாம் இந்த மையோடு சேர்க்கலாம். பூச்சாடியைப் பார்த்து வீட்டை வாங்கியவர் பிறகு பூச்சாடியைக் குறைகூற முடியாது. (நாம் ஃபத்வா கொடுக்கவில்லை. ஃபத்வாவுக்கு உலமாக்களை அணுகுக.)

இரண்டுக்கும் நடுவில் சிக்கலான ஒன்றும் உண்டு. டைல்ஸில் குழாய்க்கு நேர்கீழே பழுப்பாக ஒரு கோடு இறங்கியிருந்தது. ஆழ்குழாயின் உப்புத் தண்ணீர் போட்ட கறை. ஆசிட் ஊற்றித் தேய்த்ததும் போய்விட்டது. கறையைக் கழுவியது சுத்தம் செய்ததா, அல்லது தண்ணீரின் குணத்தை மறைத்ததா? கறை தன்னளவில் அழுக்குத்தான். ஆனால் சென்னையில் வீடு தேடி அலைந்தவர்களுக்கு அந்தப் பழுப்புக் கோடு ஒரு சாட்சி. அதைப் பார்த்தே தண்ணீர் எப்படி என்று கேட்காமல் தெரிந்துகொள்வார்கள். இதில் நாம் எடுத்த முடிவு சரியோ தவறோ, கறையைக் கழுவிவிட்டு, தண்ணீர் உப்பு என்று விளம்பரத்தில் எழுதச் சொன்னோம்.

நாட்டுச் சட்டங்கள் இதில் எவ்வளவு தூரம் வருகின்றன என்றும் பார்த்தோம். நம் நாட்டில் 2016-ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டம், 12-ஆம் பிரிவில், விளம்பரத்திலோ மாதிரி வீட்டிலோ காட்டிய பொய்யை நம்பிப் பணம் கட்டி நஷ்டமடைந்தவருக்கு ஈடு தரச் சொல்கிறது. அவர் விலகிக்கொள்ள விரும்பினால் பணத்தை வட்டியோடு திருப்பச் சொல்கிறது. (அந்த வட்டியை நாம் என்ன செய்வது என்பது வேறு கேள்வி.) ஆனால் அந்தப் பிரிவு கட்டி விற்கும் நிறுவனத்தாருக்கு உரியது, குடியிருந்த வீட்டை விற்கும் தனிமனிதரை அது தொடாது. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் 2025-இல் நிறைவேறி 2026 ஜனவரி முதல் தேதி நடைமுறைக்கு வந்த சட்டம், வீட்டு விளம்பரப் படத்தில் கணினியால் எதையேனும் சேர்த்தாலோ நீக்கினாலோ மாற்றினாலோ அதை வெளிப்படையாகச் சொல்லி, மாற்றாத மூலப்படத்தையும் காட்ட வேண்டும் என்கிறது. வெளிச்சம், நிறச் சமன், கோணம், ஓரம் வெட்டுதல் போன்ற வழக்கமான திருத்தங்களுக்கு, வீட்டின் தோற்றத்தை மாற்றாதவரை, விலக்கு அளிக்கிறது. நல்ல சட்டந்தான். ஆயினும் ஓதக் கறையைக் கணினியில் அழிப்பவரை அது பிடிக்கும். துண்டு போட்டு மறைப்பவர் அதன் வார்த்தைகளுக்குள் அகப்படமாட்டார்.

படம் எடுப்பவனுக்கு இதில் பங்கு உண்டா என்று பையன் கேட்டான். விற்பவர் வேறொருவர், அவன் கூலிக்கு வந்தவன். இஹ்யா உலூமித்தீனில் இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் எடுத்துக்காட்டும் வாஸிலா இப்னுல் அஸ்கஃ (ரலி) அவர்களின் நிகழ்ச்சியை அவனுக்குச் சொன்னோம். ஒருவர் முந்நூறு திர்ஹத்துக்கு ஒட்டகம் விற்றார். அருகில் நின்றிருந்த வாஸிலா (ரலி) அவர்கள் கவனம் வந்ததும், வாங்கிப் போனவரின் பின்னே ஓடி, அறுக்கவா சவாரிக்கா என்று கேட்டு, சவாரிக்கென்றால் அதன் குளம்பில் துளை இருக்கிறது என்று தெரிவித்தார்கள். விற்றவர் நூறு திர்ஹம் குறைக்க வேண்டியதாயிற்று. என் வியாபாரத்தைக் கெடுத்தீரே என்று வருந்தவும் செய்தார். வாஸிலா (ரலி) அவர்கள் விற்றவரும் அல்லர், தரகரும் அல்லர். குறையைக் கண்ணால் பார்த்தவர், அவ்வளவே. வேலை பார்க்கும்போது குறையை எல்லோருக்கும் முன்னால் பார்க்கும் கண் படமெடுப்பவனுடையது. பையன் பதில் பேசவில்லை. லென்ஸை மட்டும் மாற்றினான்.

இருபத்து நான்கு மில்லிமீட்டர் லென்ஸுடன் வாசலுக்கு வெளியே, நடைபாதைச் சுவரோடு ஒட்டி நின்றான். ஒரு படத்தில் அறை முழுதும் விழவில்லை. எதிர் மூலையிலிருந்து இன்னொன்று எடுத்தான். நாம் ஒன்று கேட்டுக்கொண்டோம்: வாளியைத் திரும்பக் கொண்டுவந்து வைக்கச் சொன்னோம். வாளியின் அளவு தமிழ்நாட்டில் எல்லோருக்கும் தெரியும். அது பக்கத்தில் இருந்தால் அறையின் அளவும் தானே விளங்கிவிடும். அவனுக்கு அது பிடிக்கவில்லை. மூன்றாவது படம் ஓதத்தினுடையது. கிட்டத்தில் போய், நல்ல வெளிச்சத்தில். கீழே நீள அகலத்தையும், மேல்மாடிக் கசிவையும், உப்புத் தண்ணீரையும் எழுதினோம்.

மச்சானுக்குத் தொலைபேசியில் சொன்னபோது சிறிது நேரம் மௌனமாக இருந்தார். “நீங்கள் செய்தால் சரிதான்” என்றார், ஆனால் குரல் அப்படிச் சொல்லவில்லை. தரகர் வெளிப்படையாகவே கோபித்துக்கொண்டார். முதல் மாதம் ஒருவரும் வரவில்லை.

பார்க்காத பொருளின் விற்பனையை ஷாபிஈ மத்ஹபு ஏற்பதில்லை; ஹனபி மத்ஹபில் விற்பனை கூடும், ஆனால் பார்த்தபின் விலகிக்கொள்ளும் உரிமை வாங்கியவருக்கு உண்டு. வீடு வாங்குகிறவர் எதையெதைப் பார்க்க வேண்டும் என்று எண்ணும் ஷாபிஈ நூல்கள், அறை, கூரை, சுவர்களோடு குளிக்கும் இடத்தையும் கழிவுநீர்க் குழியையும் மறக்காமல் சேர்க்கின்றன. படம் இந்தப் பார்வைக்கு ஈடாகாது. படத்தை நம்பி முன்பணம் அனுப்பும் வளைகுடாச் சகோதரர்கள், யாரையாவது அனுப்பிக் குழாயைத் திறந்து பார்க்கவும், தரையில் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றி எந்தப் பக்கம் ஓடுகிறதென்று கவனிக்கவும் சொல்ல வேண்டும். இஸ்திஞ்சாவுக்குத் தண்ணீர்க் குழாய் கைக்கெட்டும் இடத்தில் இருக்கிறதா, வயதான உம்மாவுக்கு வாசற்படி உயரமா என்பதெல்லாம் எந்தப் படத்திலும் தெரிவதில்லை.

மூன்றாம் மாதம் வேலூர்ப் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர் மகனுடன் வந்தார். படத்தைப் பார்த்துவிட்டுத்தான் வந்தோம் என்றார். கூடத்தில் நிற்கவில்லை, நேரே குளியலறைக்குப் போனார். ஓதத்தைக் கையால் தொட்டு, மேல்மாடிக்காரரோடு பேசியாயிற்றா என்று விசாரித்தார். உப்புத் தண்ணீரைக் கையில் ஏந்தி வாயில் விட்டுப் பார்த்தார். இவ்வளவும் நாம் எழுதியபடியே இருந்ததில் அவருக்குத் திருப்தி போலிருந்தது. பிறகு கழிப்பறைக் கோப்பையைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டு நின்று, “கிப்லா எந்தப் பக்கம்?” என்று கேட்டார். கட்டடத்தினுள்ளும் அந்தத் திசையை முன்னோக்குவதோ பின்னோக்குவதோ கூடாது என்பது அவர்களுடைய ஹனபி மத்ஹபு. நாமும் தங்கை மகனும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். பையன் கைப்பேசியை எடுத்துத் திசைகாட்டியைத் திறந்தான்.