தோற்றவர் கையில் ஓட்டு

அமெரிக்காவின் 'சர்வைவர்' நிகழ்ச்சியைத் தீவுக்காகவும் பட்டினிக்காகவும் பார்ப்பவர்கள் உண்டு. நான் பார்ப்பது கடைசி ஓட்டெடுப்புக்காக. ஆட்டத்திலிருந்து வெளியே தள்ளப்பட்டவர்களில் பலர் அன்றைக்கு நடுவர்களாக எதிரே வந்து உட்காருவார்கள். பத்து லட்சம் டாலர் யாருக்கு என்று முடிவு செய்வது அவர்கள்தான்.

2009இல் சமோவாவில் நடந்த சீசனில் வந்தவர் ரஸல் ஹான்ட்ஸ். வந்த புதிதிலேயே, எல்லோரும் தூங்கிய நேரம் பார்த்துக் குடிதண்ணீரைக் கீழே கொட்டினார். சக போட்டியாளர் ஒருவரின் காலுறையை நெருப்பில் போட்டார். தான் ஒரு தீயணைப்பு வீரர், கத்ரீனா புயலில் சிக்கித் தப்பியவர் என்று ஒரு கதையும் விட்டார். களைத்து நொந்துபோனவர்களை ஆட்டிவைப்பது சுலபம் என்பது அவர் கணக்கு. வெறும் அழிச்சாட்டியக்காரர் என்று ஒதுக்கவும் முடியாது. வெளியேற்றத்திலிருந்து காப்பாற்றும் சிலையை எங்கோ ஒளித்துவைத்திருப்பார்கள். துப்பு எதுவும் கிடைக்காமலே தேடி எடுத்த மனிதர் இவர். கடைசி மூவரில் ஒருவராகவும் வந்துவிட்டார். ஓட்டு பிரித்தபோது நேட்டலி வொயிட்டுக்கு 7, ரஸலுக்கு 2.

ஆனால் அதே சீசனில் நேயர்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த சிறந்த ஆட்டக்காரர் ரஸல்தான். அதற்கு ஒரு லட்சம் டாலர் பரிசு. அடுத்த ஆண்டு மறுபடி ஆடினார், மறுபடி கடைசி மூவரில் வந்தார். இந்த முறை நடுவர்களிடம் ஒரு ஓட்டுகூட விழவில்லை. ஆட்ட விதியே கோளாறு, நேயர்களுக்கும் ஓட்டில் பங்கு வேண்டும் என்று வாதாடினார். பாவம், பிக் பாஸ் வீட்டுக்கு வந்திருக்க வேண்டிய ஆள்!

காலுறை எரிந்தபோது நானும் சிரித்தேன். எரிந்தது என் காலுறை இல்லையே. ரஸல் தன் திட்டத்தை கேமராவிடம் சொல்லிவிட்டுத்தான் செய்கிறார். அதனால் நாம் அவருக்குக் கூட்டாளி ஆகிவிடுகிறோம். அலுவலகத்திலும் இப்படித்தான். காரியவாதி ஒருவரை 'கெட்டிக்காரர்' என்று மெச்சுகிறவர் பெரும்பாலும் வேறு பிரிவில் இருப்பார். அடுத்த மேஜைக்காரரைக் கேட்டால் வேறு கதை வரும்.

அதற்காக நடுவர்கள் நல்லவருக்குத்தான் ஓட்டுப் போட்டார்கள் என்று சொல்ல மாட்டேன். தோற்ற எரிச்சலில் போட்ட ஓட்டும் அதில் இருந்திருக்கும். 2010இல் ஜெயித்த சாண்ட்ரா டயஸ்-ட்வைன் ஒன்றும் சாது இல்லை. தேவைப்பட்ட இடத்தில் கூசாமல் பொய் சொல்வார். கடைசியில் ரஸலின் தொப்பியையே நெருப்பில் போட்டார். ஆனால் ரஸலை நம்பாதீர்கள் என்று எதிரணியினரிடம் முன்பே போய்ச் சொன்னவர் அவர். அவர்கள் கேட்கவில்லை. கெட்டு வெளியே போன பிறகு நடுவர்களாக வந்து உட்கார்ந்தார்கள். சாண்ட்ராவுக்கு 6, பார்வதி ஷாலோவுக்கு 3. ஏமாந்ததைக்கூட அவர்கள் பொறுத்துக்கொண்டார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. நீங்களெல்லாம் எனக்கு ஒரு பொருட்டா என்று ஏமாற்றியவர் முகத்தில் எழுதி ஒட்டியிருந்ததைத்தான் பொறுக்க முடியவில்லை.

2011இல் ரஸல் மூன்றாம் முறை வந்தார். அவர் அணியினரே ஒரு போட்டியில் வேண்டுமென்றே தோற்று, அந்தத் தோல்வியைச் சாக்காக வைத்து அவரை வெளியே அனுப்பினார்கள்.