ஆராய்ச்சி ஏடு: தானமா, பாத்தியதையா?

ஏழை நாட்டுப் புத்தகசாலைகளுக்கு ஆராய்ச்சி ஏடுகளைச் சொற்ப விலைக்கோ இலவசமாகவோ கொடுப்பது தானமா, அல்லது அவற்றிற்குரிய பாத்தியதையா என்பதே நாம் எடுத்துக்கொண்ட விஷயம். இது பண்டிதர்களின் வழக்கு என்று தோட்டத்து அன்பர்கள் ஒதுக்கிவிடலாகாது. பால்மரம் வெட்டிய நம் முன்னோர்க்கும் இதில் பங்குண்டு.

எங்ஙனமெனில், மலாயா ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் 1925-ஆம் ஆண்டில் நிறுவப்பட்டது. அதன் செலவுக்கான பணம் ஏற்றுமதி ரப்பரின்மீது விதித்த தீர்வையிலிருந்து வந்தது. அந்த ரப்பரோ, விடியுமுன் பெரட்டுக்கு ஓடிய தொழிலாளியின் கைவழி வந்தது. இன்று மலேசிய ரப்பர் வாரியத்தின் ஆராய்ச்சி ஏட்டை வெளியிடுவது ஸ்பிரிங்கர் என்னும் அயல்நாட்டு நிறுவனம். எழுதியவர் தரப்பில் முன்பணம் கட்டிய கட்டுரைகள் நீங்கலாக, ஏனையவற்றைச் சந்தா கட்டிய கல்லூரியாரும் விலை கொடுத்தவருமே படிக்கலாம். செர்காமில் ஒருவர் இலையுதிர் நோயைப்பற்றி அறிய விரும்பினால், மரம் கண்முன் நிற்கும். கட்டுரை கதவடைத்து நிற்கும்!

ஏடு வெளியிடச் செலவில்லையா என்பர். உண்டு, கணக்கெழுதிப் பிழைக்கும் கிராணியாகிய நாம் அதை மறுக்கோம். ஆனால் கட்டுரை எழுதியவர்க்குக் கூலியில்லை. அதைப் பரிசோதித்த அறிஞர்க்கும் பெரும்பாலும் கூலியில்லை. எல்சேவியர் கம்பெனியாருக்கு 2023-ஆம் ஆண்டில் நூறு பவுன் வரவில் சுமார் 38 பவுன் இலாபம். இத்தகைய பேரேட்டை எந்தத் தோட்டத் துரை கண்டிருப்பார்?

நிற்க. தானத்தின் யோக்கியதையையும் பார்ப்போம். 2002-இல் உலகச் சுகாதார ஸ்தாபனமும் சில பெரிய நிறுவனங்களும் சேர்ந்து 'ஹினாரி' என்னும் திட்டத்தைத் தொடங்கின. மிக வறிய நாடுகளுக்கு வைத்திய ஏடுகள் இலவசம். சற்று மேற்பட்டவற்றிற்குச் சிறு கட்டணம். இதனால் விளைந்த நன்மை பெரிது. ஆயினும் 2011 ஜனவரியில் வங்காளதேசத்திற்கு அளித்துவந்த 2,000-க்கு மேற்பட்ட ஏடுகளைச் சில நிறுவனங்கள் திடீரென நிறுத்தின. கண்டனம் எழுந்தபின்னரே திரும்பக் கொடுத்தன. அந்நாட்டு வைத்தியர் செய்த குற்றம் யாது? ஒன்றுமில்லை. கொடுப்பவன் மனம் மாறியது, அவ்வளவே.

இந்தியா வேறு வழி கண்டது. 2024 நவம்பரில் அந்நாட்டு மந்திரிசபை, மூன்றாண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய் ஒதுக்கி, 30 நிறுவனங்களின் சுமார் 13,000 ஏடுகளை 6,300-க்கு மேற்பட்ட அரசாங்கக் கல்வி, ஆராய்ச்சி நிலையங்களுக்கு ஒரே சந்தாவில் வாங்க அங்கீகாரம் அளித்தது. இரவாமல் பேரம் பேசியது மெச்சத்தக்கதே. தொகைதான் மலைக்க வைக்கிறது. ஆனால் ஊர்ப் பொதுப் புத்தகசாலையை இதில் சேர்த்தாரில்லை. வாசகர் ஒவ்வொருவர்க்கும் அவர்க்குரிய நூல் கிட்டவேண்டுமென்று 1931-இல் சென்னையிலிருந்து விதி வகுத்தவர் நம் தமிழர் ரங்கநாதன். வாசகரென்றால் கல்லூரி வாசகரென்று அவர் எழுதவில்லை.

இங்கிலாந்தில் 2014-இல், பொது நூலகத்திற்கு நடந்துவந்த எவரும் அங்குள்ள கம்ப்யூட்டரில் ஆராய்ச்சிக் கட்டுரைகளை இலவசமாகப் படிக்க ஏற்பாடு செய்தனர். நம் அரசாங்கத்தார் சந்தா ஒப்பந்தம் செய்யும்போது, மலாக்காப் பொது நூலகத்தின் ஒரு மேஜைக்கும் அவ்வுரிமையை எழுதி வாங்கட்டும். கேட்பதற்குச் சங்கங்கள் நம்மிடம் குறைவில்லை.